வாக்கில்லாதவர் பெஞ்சு

ஆக்ரன், ஒஹாயோ
17 ஜனவரி 1971, ஞாயிறு

அன்புத் தம்பி மெரிட்,

நீ அனுப்பிய மேப்பிள் பாகு டின் வந்து சேர்ந்தது. மூடி சரியாக இறுகவில்லை, பாதி பெட்டியிலேயே கொட்டிவிட்டது. மீதியை நானும் ரால்ஃபும் நக்கித் தீர்த்தோம். கூட வந்த உன் கடிதத்தில் ஐந்து வரி இருந்தது. நான்கு மாடுகளைப் பற்றி. ஐந்தாவதில் நான் சுகமா என்று கேட்டிருந்தாய். சுகந்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத தனிக்கட்டைக்கு ஆறாவது வரி எழுத என்ன கேடு என்று உன் அத்தான் கேட்கிறார்.

டேலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். வியட்நாமிலிருந்து என் பிள்ளை திரும்பி நான்கு மாதம் ஆகிறது. இடது காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள், கைத்தடி ஊன்றி நடக்கிறான். அது போகட்டும், உயிரோடு வந்தானே. ஆனால் பேச்சு போய்விட்டது மெரிட். என்ன கேட்டாலும் ஆமாம், இல்லை, வேண்டாம், அவ்வளவுதான். தெருவில் ஒருத்தி அவனைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறாள், இன்னொருத்தி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கடைத்தெருவில் போர் வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அட்டையைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிறார்கள். அதைப் பார்த்துப் பாதி வழியிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

நம் ஊர் வாரப் பத்திரிகையை நான் இன்னும் தபாலில் வரவழைப்பது உனக்குத் தெரியும். போன வாரம் அதில் ஒரு செய்தி. படைகளை உடனே, மொத்தமாக, திரும்ப அழைக்கும்படி ஜனாதிபதிக்கு எழுத வேண்டும் என்று டீச்சர் லோயிஸ் ஃபார்னம் கையெழுத்து வாங்கி, மார்ச் ஊர்க்கூட்டத்துக்குத் தீர்மானம் கொடுத்திருக்கிறாளாமே. டேல் அதைப் படித்தான். அன்று சாயங்காலம் என்னிடம் வெள்ளைத்தாள் கேட்டான். மூன்று நாள் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினான், அடித்தான், எழுதினான். நான்காம் நாள், 'அம்மா, நான் மாமா ஊருக்குப் போறேன். அந்தக் கூட்டத்துல நான் இதப் பேசணும்' என்றான்.

செப்டம்பரிலிருந்து அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவ்வளவு தூரம் ஏன், இங்கேயே உன் அப்பாவின் சங்கத்தில் பேசேன் என்றேன். 'இங்க பேசினா கத்துவாங்கம்மா. அங்க மாமா கத்த விடமாட்டாரு' என்றான். பன்னிரண்டு வயதில் ஒரு மார்ச்சில் அவனை உன்னிடம் விட்டிருந்தேனே, அப்போது கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். பாதைக்குச் சரளை போடுவதைப் பற்றி இரண்டு பேர் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு, மத்தியானம் ஒரே மேசையில் பீன்ஸ் சாப்பிட்டார்களாம். அதை மறக்கவில்லை.

பதினெட்டு வருடமாக அந்தக் கூட்டத்துக்கு நீதான் தலைவன். அவனைப் பேச விடு. உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்டதில்லை, கேட்கப் போவதுமில்லை.

உன் அக்கா,
வெர்னா


ஹார்லோ மில்ஸ், வெர்மான்ட்
25 ஜனவரி 1971

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தில் மாடுகள் கிடையாது. அத்தானிடம் சொல்லிவிடு.

டேல் வரட்டும். மாடி அறையில் அடுப்பு மூட்டிவைக்கிறேன். அவன் வருகிறான் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் பேசுகிற விஷயத்தில் உனக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது, கோபப்படாமல் படி.

நம் கூட்டத்தில் பேச்சுரிமை இந்த ஊர் வாக்காளருக்குத்தான். மற்றவர்கள் பக்கச் சுவரோரம் வாக்கில்லாதவர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். அவர்களில் ஒருவர் பேச வேண்டுமானால், வந்திருக்கிற வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் சரி என்று சொல்ல வேண்டும். போன வருடம் பாஸ்டனிலிருந்து ஒரு பாதிரியார் வந்தார், போரை எதிர்த்துப் பேச. போருக்கு ஆதரவானவர்கள் எல்லோரும் சேர்ந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் பெஞ்சிலேயே உட்கார்ந்து, எங்களோடு பீன்ஸ் சாப்பிட்டுவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார். லோயிஸ் பக்கத்து ஆட்கள் அதை இன்னும் மறக்கவில்லை. இந்த வருடம் அந்தப் பெஞ்சில் ஒரு சிப்பாய் வந்து உட்காரப் போகிறான். பழைய கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல சமயம் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

ஊர் இரண்டாகக் கிடக்கிறது. தீவனக் கடைக்கு ஒரு கட்சி காலையில் வருகிறது, மறு கட்சி மத்தியானம் வருகிறது. ஹப்பர்டும் அவர் மனைவியும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை. கூட்டத்தில் மட்டும் இருவரும் எழுந்து, 'தலைவரே, கடைசியா பேசினவங்களுக்கு இத நீங்க எடுத்துச் சொல்லணும்' என்று என் வழியாகச் சண்டை போடுகிறார்கள். போன மாதம் யாரோ லோயிஸின் தபால் பெட்டியில் சிவப்புச் சாயத்தை ஊற்றியிருந்தார்கள். அவள் மகன் ஆல்டன் பட்டாளத்தில் சேராமல் கனடாவுக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஊருக்கே தெரியும். ஆனால் கூட்டத்தில் ஒருவரும் அதை எடுக்க மாட்டார்கள். விஷயத்தைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக்கூடாது என்பது விதி. அந்த ஒரு விதியைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

போரைப் பற்றி என் கருத்து என்ன என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. உனக்கும் சொல்லப் போவதில்லை. இரண்டு பக்கமும் என்னைத் தங்கள் ஆள் என்று நினைக்கிறவரையில்தான் என் சுத்தியல் சத்தத்துக்கு வாய் மூடுவார்கள். டேலுக்காக மூன்றில் இரண்டு பங்கு கேட்பேன். கேட்பது மட்டுந்தான் என் கையில் இருக்கிறது.

உன் தம்பி,
மெரிட்


ஆக்ரன்
2 பிப்ரவரி 1971

மெரிட்,

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். இரண்டாவது தரம் இன்னும் எரிச்சல்தான் வந்தது.

ஆறு கோடை உன் தொழுவத்தில் சாணம் அள்ளியவன் வெளியூரானா? கூட்டம் நடக்கிற அந்தக் கூடத்துக் கூரைக்குப் பலகை அடித்தபோது ஏணியைப் பிடித்தவன் அவன். உன் பாதிரியாரோடு அவனைச் சேர்க்காதே. பாதிரியாருக்குப் பேச நூறு கோயில் இருக்கிறது. என் பிள்ளைக்குப் பேச வந்திருப்பது ஒரே ஒரு இடத்தில்.

இருபத்தேழாம் தேதி பஸ் ஏறுகிறான். அவன் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினான். நன்றாக எழுதியிருக்கிறான். தாள் நான்காய் மடித்துச் சட்டைப்பையில் இருக்கும், நனையாமல் பார்த்துக்கொள்.

அக்கா


ஆக்ரன்
2 மார்ச் 1971, செவ்வாய், பிற்பகல்

மெரிட்,

சற்றுமுன் டேல் கடையிலிருந்து போன் செய்தான். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட்டத்தை நிறுத்தியிருக்கிறீர்களாம். 'மாமா ஓட்டு எடுத்தாரும்மா. கிடைக்கல. பரவால்ல' என்றான். அந்தப் பரவாயில்லையை நீ கேட்டிருக்க வேண்டும். வைத்துவிட்டான்.

அவனை அங்கே அனுப்பியது நான். நீ இருக்கிறாய் என்று அனுப்பினேன். அப்பா போனபின் உன்னை வளர்த்தவள் என்ற உரிமையில் கேட்டேன். பெற்ற தாய் மாதிரி உனக்கு நான் செய்ததற்கு, தாய்மாமனாக அவனுக்கு நீ செய்தது இது. உன் விதியை நீயே வைத்துக்கொள். அது உன்னோடு உட்கார்ந்து சாப்பிடட்டும்.

பிள்ளையைப் பஸ் ஏற்றி அனுப்பு. இனிமேல் எனக்கு எழுதாதே.

வெர்னா


ஹார்லோ மில்ஸ்
7 மார்ச் 1971

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் எழுதாதே என்றால் நிறுத்திக்கொள்கிறேன். டேல் இங்கேதான் இருக்கிறான். நீ கடிதம் எழுதிய அன்று மத்தியானத்துக்கு மேல் நடந்தது உனக்குத் தெரியாது. அதை அவன் போனில் சொல்வதாக இருந்தான், நான்தான் முதலில் எழுதிவிடுகிறேன் என்றேன். அதற்குக் காரணம் இருக்கிறது. என் தப்பை உன்னிடம் நானே சொல்ல வேண்டும்.

காலையில் பாலத்துக்கும் பள்ளிக்கும் ஒதுக்கீடு முடிந்ததும், டேலுக்காக அனுமதி கேட்டேன். வாய்மொழி ஓட்டு. சரி என்ற குரல் பலமாகத்தான் கேட்டது, இல்லை என்றது அதில் பாதிகூட இல்லை. வேறு எவனாக இருந்தாலும் அனுமதி கிடைத்தது என்று சுத்தியலைத் தட்டியிருப்பேன், ஒரு ஆளும் ஆட்சேபித்திருக்க மாட்டான். ஆனால் பெஞ்சில் இருந்தது என் அக்கா மகன். தன் ஆளுக்கு வளைந்து கொடுத்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வந்துவிடுமோ என்று பயந்தேன். யாருமே கேட்காமல், நானாகவே, எழுந்து நில்லுங்கள், எண்ணுகிறேன் என்றேன். நூற்று முப்பத்தெட்டுப் பேரில் தொண்ணூற்று இரண்டு பேர் எழுந்திருக்க வேண்டும். எண்பத்தொன்பது பேர் எழுந்தார்கள். மூன்று குறைந்தது.

அது விதி செய்தது இல்லை அக்கா, நான் செய்தது. ஒரு பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்று மறுபக்கம் சாய்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தே இருந்தவர்களில் போன வருடம் பாதிரியாரைப் பேச விடாததற்குப் பதிலடியாக உட்கார்ந்தவர்கள் உண்டு. கிழவர் ஒரின் டட்டில் உண்டு. அவர் டேல் பக்கத்துக் கருத்துக்காரர்தான், ஆனால் வெளியூரான் வெளியூரான்தான் என்பார். பாலத்தைப் பற்றிச் சொல்ல வந்த அரசாங்க இன்ஜினியருக்கே வேண்டாம் என்றவர். லோயிஸ் ஃபார்னம் எழுந்து நின்றாள். தன் பக்கத்து ஆட்கள் உட்கார்ந்திருப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசிவரை நின்றாள்.

மத்தியானம் கீழ்த்தளத்தில் சாப்பாடு. உனக்குப் போன் செய்துவிட்டு வந்து டேல் ஓரமாகத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பக்கத்தில் போக எனக்குக் கால் வரவில்லை. லோயிஸ் ஆப்பிள் வைத்துச் சுட்ட பை பலகாரம் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள். அவர்கள் பேசியதைப் பிறகு டேல் சொன்னான்.

'அந்தத் தாளக் குடு' என்றாளாம்.

'உங்க தீர்மானத்துக்கு எதிரா இருக்கு, மேடம்.'

'தெரியும். கையெழுத்து புரியுதான்னு பாக்கறேன்.'

ஒரு தரம் மனசுக்குள் படித்தாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்துக் காட்டி, எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், அந்த வியட்நாம் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். ஒரு இடம் வந்தபோது மட்டும் 'இது புரியுது' என்று சொல்லி, அதைச் சத்தமாக வாசிக்காமல் தாண்டிவிட்டாள். டேல் ஒன்றும் நினைக்கவில்லை.

இரண்டரை மணிக்கு இருபத்து மூன்றாவது தீர்மானம், லோயிஸுடையது. கொண்டுவந்தவள் என்பதால் முதல் பேச்சு அவளுக்கு. ஒருவருக்கு ஐந்து நிமிடம்தான், எல்லோரும் ஒரு முறை பேசி முடிக்கும்வரை யாருக்கும் இரண்டாம் முறை கிடையாது. தான் பேசுவதற்காக நாலு தாள் எழுதி வந்திருந்தாள், நான் காலையில் பார்த்தேன். அதைக் கைப்பைக்குள் போட்டாள். 'தலைவரே, எனக்குள்ள அஞ்சு நிமிஷத்துல இன்னொருத்தர் எழுதினத வாசிக்கத் தடை இருக்கா?'

இல்லை என்றேன். டேலின் தாளைப் பிரித்தாள். அவள் கட்சிக்காரர்கள் முனகினார்கள். ஒருவர், 'டீச்சர், இது நம்ம நேரம்' என்றார். தலைவரைப் பார்த்துப் பேசுங்கள் என்று அவரை உட்கார வைத்தேன்.

நீ கேட்டிருக்கிறாய், ஆனால் அவள் குரலில் கேட்கவில்லை. முப்பது வருடம் வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கும்படி வாசித்த குரல். 'போர் சரி என்று சொல்ல நான் வரவில்லை, அது எனக்குத் தெரியாது. எங்கள் பிரிவில் லியெம் என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். எங்களை நம்பி எங்களோடு வந்தவர். நாளைக் காலையில் நாம் எல்லோரும் கிளம்பிவிட்டால், நாளைச் சாயங்காலம் அவர் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள் என்று இந்த அறையில் யாராவது எனக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் பிறகு ஓட்டுப் போடுங்கள்.' ஒவ்வொரு வார்த்தைக்கும் உரிய கனத்தைக் கொடுத்து வாசித்தாள். தன் தீர்மானத்தை இடிக்கிற வார்த்தைகள் என்று அந்தக் குரலில் தெரியவே இல்லை.

பிறகு அந்த இடம் வந்தது. 'என் வயதுக்காரர்கள் சிலர் எல்லையைத் தாண்டி வடக்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் வேறு ஒருவன் நின்றான். அவன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.'

கூடம் சலசலத்தது. பாதிப்பேர் அவளைப் பார்த்தார்கள், மீதிப்பேர் தரையைப் பார்த்தார்கள். பெஞ்சில் டேலுக்குப் பக்கத்திலிருந்த ஒருவர் லோயிஸின் மகனைப் பற்றி அவன் காதில் என்னவோ சொன்னார். அவன் கைத்தடியை ஊன்றி எழுந்துவிட்டான். என்னைப் பார்த்து, நிறுத்தச் சொல்லுங்கள் என்று கையால் கெஞ்சினான். வாயைத் திறக்க அவனுக்கு உரிமை இல்லை, அது அவனுக்கு நினைவிருந்தது. நான் சுத்தியலைத் தூக்கினேன். ஆளைப் பற்றிய பேச்சு என்று நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அதில் யார் பெயரும் இல்லை.

லோயிஸ் என்னை நிமிர்ந்து பார்த்தாள். 'தலைவரே, நான் இன்னும் முடிக்கல. சத்தத்துல பின்னாடி இருக்கறவங்களுக்குக் கடைசி வரி கேட்டிருக்காது' என்றாள். அந்த இடத்தை முதலிலிருந்து மறுபடி வாசித்தாள். வாசித்து முடித்து, தாளை நான்காய் மடித்து, பெஞ்சுவரை நடந்துபோய் அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் பேசினார்கள். பதினெட்டு வருடத்தில் நான் சுத்தியலைத் தொடாத ஒரே விவாதம் அது. லியெம்முக்கு என்ன பதில் என்று அவள் கட்சிக்காரர்களே யோசித்து யோசித்துப் பேசினார்கள். போர் நீண்டால் லியெம் மாதிரி இன்னும் எத்தனை பேர் சாவார்கள் என்று ஒருவர் கேட்டபோது மறு கட்சியும் சும்மா தள்ளிவிடவில்லை. ஒரின் டட்டில் எழுந்தார். 'முப்பது வருஷமா வெளியூரானுக்கு வேணாம்னுதான் சொல்லிட்டிருக்கேன், தலைவரே. இன்னிக்கும் அதேதான். ஆனா வாசிச்சது உள்ளூர்க்காரி, அதனால கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு.' பிறகு லோயிஸின் தபால் பெட்டியில் சாயம் ஊற்றியவன் எழுந்தான். யாரென்று எனக்குத் தெரியும், உனக்கு வேண்டாம். வாசித்தவருக்கு நன்றி என்று கூட்டக் குறிப்பேட்டில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டான்.

சீட்டுப் போட்டு ஓட்டு. மூன்று பேர் பால் கறக்கப் போய்விட்டார்கள். ஆதரவு அறுபத்தைந்து, எதிர்ப்பு எழுபது. ஐந்து ஓட்டில் அவள் தோற்றாள். அந்த ஐந்து பேரும் டேலின் தாளைக் கேட்டு மாறியவர்கள் என்று ஊரில் பேச்சு. அவளுக்கும் அது தெரியும்.

வாசற்படியில் டேல் அவளைப் பிடித்தான். எனக்குத் தெரியாது மேடம், சத்தியமாகத் தெரியாது என்றான்.

'தெரிஞ்சிருந்தா அந்த வரிய அடிச்சிருப்பியா?'

'அடிச்சிருப்பேன்.'

'அப்போ தெரியாமப் போனதே நல்லது' என்று சொல்லிவிட்டு, பலகாரத் தட்டுகளை எடுத்துக்கொண்டு பனியில் இறங்கி நடந்தாள்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது அக்கா. அவளைப் பற்றி, உன் பிள்ளையைப் பற்றி, வாயை மூடிக்கொண்டு கேட்கத் தெரிந்த இந்த ஊரைப் பற்றி. என்னைப் பற்றி மட்டும் இல்லை. அடுத்த வருடம் வேறு ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

மேப்பிள் மரங்களில் இனிப்பு நீர் சுரக்க ஆரம்பித்துவிட்டது. டேல் கொட்டகையில் பாகு காய்ச்சுகிறான். நேற்று அடுப்பு முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் லியெம்மைப் பற்றிப் பேசினான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

உன் தம்பி,
மெரிட்


ஆக்ரன்
16 மார்ச் 1971

அன்புத் தம்பி மெரிட்,

உன் கடிதத்தை ரால்ஃபுக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் அவர் கையில் கொடுத்துவிட்டேன், மீதியை அவர்தான் வாசித்தார்.

யாரும் கேட்காமல் நீ எண்ணியது தப்பு. அதை எனக்கு எழுதியது சரி. தலைவர் வேலையை விடப்போகிறேன் என்று இன்னொரு தரம் எழுதினால் நானே பஸ் ஏறி வந்து உன் காதைத் திருகுவேன். உனக்கு அறுபது வயதானாலும் அது என் கைக்கு எட்டும் காதுதான்.

இப்போது என் தப்பு. ஆல்டன் கனடாவுக்குப் போனதை நீ ஜனவரியில் எழுதியிருந்தாய். டேல் எனக்கு வாசித்துக் காட்டியபோது எல்லை தாண்டியவர்களைப் பற்றிய அந்த வரியையும் கேட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாதவள் இல்லை நான். சொன்னால் அந்த வரியை அடித்துவிடுவான் என்று சொல்லவில்லை. நல்ல வரி வீணாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. என் பிள்ளை இரும்புக் காலோடு வந்திருக்கிறான், அவள் பிள்ளை இரண்டு காலோடு இருக்கிறான், அவளுக்கும் கொஞ்சம் வலிக்கட்டும் என்று நினைத்தேன். அதை அவள் இரண்டு தரம் வாசித்திருக்கிறாள்.

கூட வைத்திருக்கும் உறை அவளுக்கு. அதில் எழுதியிருப்பதும் இதுதான். நீ பிரிக்காதே.

டேல் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் அங்கே இருக்கட்டும். எழுதாதே என்று நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போடு.

உன் அக்கா,
வெர்னா


ஹார்லோ மில்ஸ்
13 பிப்ரவரி 1972

அன்புள்ள அக்கா,

அந்தக் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. குறிப்பேடுகளோடு வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்தால்தானே அது குறிப்பேடு.

மாடுகள் நலம். இனி செய்தி. இந்த ஊரிலேயே தங்குவதென்று முடிவாகிவிட்டதால், டேல் போன சனிக்கிழமை ஊர் எழுத்தர் முன்னால் கையைத் தூக்கி வாக்காளர் உறுதிமொழி எடுத்துக்கொண்டான். ஒரின் டட்டில் சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்று வந்து நின்றார். முடிந்ததும் அவன் கையைக் குலுக்கி, 'இனிமே நீ என்ன உளறினாலும் நான் கேட்டாகணும்' என்றார். வீடு வரும்வரை டேல் சிரித்துக்கொண்டே வந்தான்.

லோயிஸ் இந்த வருடமும் அதே தீர்மானத்தைக் கொடுத்திருக்கிறாள். ஆல்டன் கனடாவிலிருந்து ஒரு தாள் எழுதி அனுப்பியிருக்கிறான், தான் ஏன் போனான் என்று. கூட்டத்தில் வாசிக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறான். அவள் ஒரு வாரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். தன் வாயால் வந்தால் பெற்ற பாசம் என்று தள்ளிவிடுவார்கள், வேறு யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை என்று என்னிடம் சொன்னாள். தலைவனிடம் யோசனை கேட்கக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து நான் டேலிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம்.

நேற்று அவனே அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். ஊரில் பேசிக்கொண்டது அவன் காதுக்கும் வந்திருக்கும். தாளைக் கொடுங்கள் என்றானாம். அதில் பாதிக்கு மேல் உனக்குப் பிடிக்காது என்றாளாம். அவன் சொன்னதை அவளே வந்து என்னிடம் சொன்னாள், சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

'தெரியும் மேடம். கையெழுத்து புரியுதான்னு பாக்கறேன்' என்றிருக்கிறான்.

மார்ச் ஏழாம் தேதி கூட்டம். எந்த எண்ணிக்கையும் தேவையில்லை, அவனுக்கு ஐந்து நிமிடம் உண்டு.

உன் தம்பி,
மெரிட்


ஆக்ரன்
20 பிப்ரவரி 1972

அன்புத் தம்பி மெரிட்,

நானும் ரால்ஃபும் நான்காம் தேதி பஸ் ஏறுகிறோம். மாடி அறையை டேலிடமிருந்து பிடுங்கவேண்டாம், சமையலறைப் பக்கம் படுத்துக்கொள்கிறோம். லோயிஸுக்குத் தனியாக எழுதிவிட்டேன். கீழ்த்தளச் சாப்பாட்டுக்கு அவளும் நானுமாகச் சேர்ந்து பை சுடப்போகிறோம், ஆறு ஆப்பிள், நான்கு பூசணி.

ஆல்டனின் தாளில் என்ன இருக்கிறது என்று டேல் போனில் சொன்னான். பல இடத்தில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவனுக்கும் வருகிறதாம். தினமும் சாயங்காலம் தொழுவத்தில் மாடுகளுக்கு வாசித்துப் பழகுகிறானாம், அந்தக் கோபம் குரலில் வராமல் இருக்க. மாடுகள் இந்தக் குடும்பத்துக்கு ஒரு வழியாக உபயோகப்பட்டுவிட்டன.

நான் வாக்கில்லாதவர் பெஞ்சில் உட்காருவேன். நீ யாரிடமும் மூன்றில் இரண்டு பங்கு கேட்டுத் தவிக்க வேண்டாம். எனக்குப் பேச அனுமதி வேண்டாம். உன் அக்கா ஒரு மத்தியானம் முழுக்க வாயைத் திறக்காமல் இருப்பதை நம் ஊர் ஒரு தரம் பார்க்கட்டும்.

என் பிள்ளை வாசிப்பதைக் கேட்க வேண்டும்.

உன் அக்கா,
வெர்னா